தம்பி கேட்ட பவர்

மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுப்பது அவள் வேலை. வயது ஐம்பத்து மூன்று. அங்கே எல்லோருக்கும், அவளைவிட மூத்த கணக்கருக்குக்கூட, அவள் அக்காதான். ஒரு நாளைக்கு நூறு பேராவது "பவர் எப்ப வரும்?" என்று கேட்பார்கள். "ஆள் போயிருக்காங்க, வந்துடும்" என்பாள். ஆள் பெரும்பாலும் டீக்கடைக்குத்தான் போயிருப்பார். என்றைக்காவது பவர் வந்துவிடும் என்பதால் அது பொய்க் கணக்கில் சேராது.

அவள் நாற்காலிக்கு மூன்று கால்தான். நாலாவதாகப் பழைய பதிவேடுகள் முட்டுக்கொடுத்து நின்றன. புதிது கேட்டபோது அதிகாரி கையை விரித்தார்.

"ஊருக்கே கரண்டை நிறுத்துற பவர் எனக்கு இருக்கும்மா. நாற்காலி வாங்குற பவர் மேலிடத்துக்குத்தான்."

ஒரு நாள் பதினாறாம் தெருவுக்குப் போக வேண்டிய ஆளைப் பத்தொன்பதாம் தெருவுக்கு அனுப்பிவிட்டாள். எண்கள் மங்கின. கண்ணாடிக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "பவர் ஏறியிருக்கு. கண்ணாடி மாத்தணும், மூணு நாளாகும்" என்றார். வீட்டில் சொன்னதும் கணவர், "இந்த வீட்டுல ஒருத்தருக்குப் பவர் இருந்தாப் போதும்" என்று மீசையைத் தடவினார். அவருடைய அதிகாரம் டிவி ரிமோட்டைத் தாண்டிச் சென்றதில்லை.

அந்த மூன்று நாளுக்குள்தான் ஆறு மாதமாக எட்டிப் பார்க்காத தம்பி வந்தான்.

"என்னக்கா, துரும்பா இளைச்சுட்டே!"

போன வாரம்தான் ரவிக்கைத் தையலைப் பிரித்துவிட்டிருந்தாள். ஆனாலும் மனம் இளகிவிட்டது.

கடைசிவரை பார்த்துக்கொண்ட இவள் பேருக்கே அம்மா தன் வீட்டை எழுதிவைத்துப் போயிருந்தாள். அந்த வீட்டைப் பற்றித்தான் பேச்சு.

"வரி கட்டுறது, வாடகைக்கு ஆள் பிடிக்கிறதுன்னு நீ ஏன் அலையணும்? எனக்கு ஒரு பவர் எழுதிக் குடுத்துடு, நான் பாத்துக்கறேன்." நாலு பக்கப் பத்திரத்தை நீட்டி, பேனா மூடியையும் அவனே திறந்து கொடுத்தான்.

"வரி கட்ட நாலு பக்கமா?"

"வக்கீல் பாஷைக்கா."

"தம்பிதானே, கையெழுத்துப் போட்டுடு" என்றார் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கை பேனாவை வாங்கிவிட்டது. ஆனால் இணைப்பு எண்ணைத் திருப்பிப் படித்துக் காட்டாமல் ஒரு புகாரைக்கூடப் பதியாத, இருபத்திரண்டு வருஷம் பழகிய கை அது. எழுதவில்லை.

"கண்ணாடி வரட்டும்டா. வெள்ளிக்கிழமை வா."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்மேல இருக்கு. என் கண்ணுமேலதான் இல்ல."

அவன் விட்டுப்போன பத்திரத்தை வெள்ளிக்கிழமை காலை புதுக் கண்ணாடியோடு படித்தாள். மூன்றாம் பக்கத்தில், வரிக்கும் வாடகைக்கும் நடுவே, நல்ல பிள்ளைபோல ஒரு வரி உட்கார்ந்திருந்தது: 'வீட்டை விற்கவும், அந்தத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்.' கோபம்கூடப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கூச்சம். அக்கா எங்கே படிக்கப் போகிறாள் என்று நினைத்துவிட்டானே!

சாயங்காலம் அவன் வந்ததும் அந்த வரியில் விரலை வைத்தாள்.

"அது... எல்லாப் பத்திரத்துலயும் சும்மா போடுறதுக்கா."

"சும்மா போடுறதுன்னா எடுத்துட்டு எழுதிக் கொண்டா. ஒண்ணும் குறைஞ்சுடாதே."

போனவன் போனவன்தான். "கூடப்பிறந்தவனைப் பகைச்சுக்கிட்டே" என்று கணவர் ஒரு வாரம் முணுமுணுத்தார். அவள் அரைநாள் லீவு போட்டுப் போய், தானே வரி கட்டினாள். தம்பி பயமுறுத்திய அலைச்சல் மொத்தமே ஒரு வரிசை, முக்கால் மணி நேரம். இரண்டு பெண்பிள்ளைகளோடு வீடு தேடிய நர்ஸ் ஒருத்தியைக் குடிவைத்தாள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து வாசலிலேயே நின்றான். "உள்ளே வாடா, சாப்பிடு" என்றாள். தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு போடும்போது கணவர் தொண்டையைக் கனைத்து, "ஏம்ப்பா, அந்தப் பத்திரம்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க!" என்றார்கள் அக்காவும் தம்பியும், ஒரே குரலில்.