எரிகிற கற்பூரத்தை அடித்த கை

அக்கரைச் சீமையில், ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டை நினைத்தால் இன்றும் நெஞ்சு இனிக்கிறது. துறைமுகத்தில் சங்கு ஊதினால், அது எந்தக் கப்பல் என்று என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கடலோரம் கூட்டிப்போவார். ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டே நடப்போம். மூட்டை தூக்கும் வேலை என்பதால் முதுகு வலிக்கு அபின் புகைப்பார். சண்டு என்போம். வெள்ளைக்கார சர்க்காரே கடை வைத்து விற்ற காலம். அது ஒன்றுதான் எனக்கு ஆகாது. மற்றபடி தங்கமான மனுஷன்.

ஒருநாள் கப்பலிலிருந்து இறக்கிய மூட்டைக்கட்டு ஊசலாடி அவர் பின்மண்டையில் மோதியது. பதினைந்து நாள் ஆஸ்பத்திரி. காயம் ஆறி வேலைக்கும் போனார். ஆனால் மறதி வந்துவிட்டது. அரிசி வாங்கப் பாசாருக்குப் போனவர் வெறுங்கையோடு வருவார். சொன்னதையே திரும்பச் சொல்வார். முணுக்கென்றால் கோபம் வேறு. எல்லாம் சண்டு செய்கிற வேலை என்றார்கள் அக்கம்பக்கத்தார், நானும் நம்பினேன். கோயிலுக்கு இழுத்துப்போனேன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

நாலு மாதமாகியும் மறதி போகவில்லை. வீட்டுக்கு வரவும் தாமதமானது. கற்பூரம் அடித்த சத்தியத்தை மீறினால் குடும்பமே விளங்காது என்று எனக்குப் பயம். வாய் சும்மா இருக்குமா?

"கற்பூரத்த அடிச்சிட்டு மறுபடியும் பிடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"சத்தியமா தொடல புள்ள."

நம்பவில்லை. ஒரு மாதம் தினமும் திட்டினேன். தட்டை வைத்துவிட்டு முகம் பாராமல் போனேன், பாவி நான்.

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒரு சாயங்காலம் துறைமுகத்திலிருந்து அவர் பின்னாலேயே நடந்தேன். சண்டுக் கடையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் சந்து முனைக்கு வந்ததும் நின்றுவிட்டார். இந்தப் பக்கம் இரண்டடி வைத்தார், அந்தப் பக்கம் இரண்டடி வைத்தார். கடலைத் தட்டோடு போன ஒருவரை நிறுத்தி, "அண்ணே, என் வீடு எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்று கேட்டார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு மாசமா உங்களத் திட்டியே கொன்னுட்டேங்க, மன்னிச்சிருங்க" என்று அழுதேன்.

அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"நீ எப்ப புள்ள என்னைத் திட்டுன?" என்றார்.