மூன்று நாள் சொட்டு மருந்து

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கண் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

அவருக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள் பிரஷர் ஏறி, வலியே இல்லாமல் பக்கவாட்டுப் பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். விடுவாரா? மனிதர் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் பூட்ஸ் பளபளக்கும். இங்கேயும் அதே பழக்கம்தான் — செக்கப்புக்கு மூன்று நாள் முன்னால் மட்டும் மருந்து. பிரஷர் நார்மல். டாக்டரம்மா பாராட்டு. ராஜபாளையம் திரும்பியதும் பாட்டில் ஃபிரிட்ஜில் தூங்கப் போய்விடும்.

நானும் சிரித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்ளுங்கள்.

இந்த முறை டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பிரஷர் நல்லாருக்கு ஐயா. ஆனா பார்வை போன தடவையவிடச் சுருங்கியிருக்கே... மருந்து டெய்லி விடுறீங்கள்ல?"

"ஒரு நாள் தவறுனதில்ல மேடம்." சல்யூட் ஒன்றுதான் பாக்கி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு முந்தின வாரம் ஸ்கூட்டரில் போகும்போது வலது பக்கம் வந்த ஆட்டோ அவருக்குத் தெரியவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நான் கத்தியதால் தப்பித்தோம்.

"பொய்யி தாயி. மூணு நாளாத்தான் விடுதாரு" என்றேன்.

"ஏட்டி..." என்று முறைத்தார். முறைக்கட்டும். முறைக்கவாவது கண் வேண்டுமே.

டாக்டரம்மா திட்டவில்லை. "கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வடியுற வழியில லேசர் வைக்கலாம். தண்ணி நல்லா வடிஞ்சா பிரஷர் குறையும். போன பார்வை திரும்ப வராது. இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கலாம்."

"கத்தி வைப்பியளா மேடம்?"

எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்றவர் கேட்கிற கேள்வியா இது?

கத்தியும் இல்லை, கட்டும் இல்லை. கண் மரத்துப்போக ஒரு சொட்டு விட்டார்கள். இவர் லேசர் மெஷினில் தாடையை வைத்தார். நான் முந்தானையைக் கசக்கி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"அம்புட்டுதானா? இனிமே மருந்து வேண்டாம்ல?" என்று கேட்டார், ரொம்ப ஆசையாக.

"லேசர் கேக்குதான்னு தெரிய சில வாரம் ஆகும் ஐயா. நான் சொல்ற வரைக்கும் மருந்த நிறுத்தக் கூடாது."

அடுத்த செக்கப் தேதியை அவரிடம் சொல்லவில்லை டாக்டரம்மா. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் காதில் மட்டும் சொன்னார்.

என்றைக்கு என்று தெரியாததால் மனிதர் இப்போது இரண்டு வேளையும் தவறாமல் மருந்து விடுகிறார். நடுநடுவே, "தேதிய மட்டும் சொல்லேட்டி" என்று கெஞ்சல் வேறு.

உங்களிடமும் சொல்ல மாட்டேன் — அவர் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்.