நான்கு மாட்டி ஒன்பது விட்ட விமானம்

என் கணவருக்கு விமானப்படையில் வேலை. அவர் விமானம் ஓட்டுகிறவர் என்றுதான் எங்கள் தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துவிட்டேன். இறக்கைக்கு அடியில் ஏவுகணைகளையும் குண்டுகளையும் மாட்டுகிற ஆட்களில் அவர் ஒருவர். அவ்வளவுதான்.

அவர் விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு ராணுவப் படம் வெளியானது. மோட்டார் பம்பு கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன், யாரையும் கேட்காமல் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். "நம்ம பய பாக்குற வேலைய படத்துல காட்டுதான். போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

எனக்குக் கவலை, யு.கே.ஜி. படிக்கும் மகளைப் பற்றி. கோயில் திருவிழாவில் வேட்டுப் போட்டால் பீரோவுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிற பிள்ளை அவள். எதைச் செய்வதானாலும் முன்கூட்டியே படித்துவிட்டுச் செய்வது என் வழக்கம். செல்போனில் தேடிப் படித்தேன். படங்களில் வரும் துப்பாக்கிகள் சிலவற்றை ரப்பரில் வார்ப்பார்களாம். சில அசல் துப்பாக்கிகளே. தோட்டாவில் குண்டு மட்டும் இருக்காதாம். ஏவுகணையை ஃபைபரில் செய்வார்களாம், நெருப்பைக் கம்ப்யூட்டரில் வரைவார்களாம். ஒவ்வொரு காட்சியையும் நிறுத்திப் பார்த்து, இது உண்மையில் எந்த நாட்டுத் துப்பாக்கி, எந்த ரகம் என்று எழுதி வைப்பதற்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். இத்தனையையும் மகளுக்காக ஒரே வாக்கியமாகச் சுருக்கினேன்: "அங்க வர்றது எல்லாம் பொய்."

வீட்டுப்பாடம் மாதிரி அவளைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். அசல் துப்பாக்கியையும் பொய் என்று சொல்லிக்கொடுப்பது சரிதானா என்று பிறகு உறுத்தியது. ஐந்து வயதுக்கு அதெல்லாம் அதிகம் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

தியேட்டரில் முதல் குண்டு வெடித்ததும் மகள் என் மடிக்குள் ஒடுங்கினாள். அப்புறம் பாடம் நினைவுக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்து, "பொய்!" என்று கத்தினாள். அடுத்த வெடிக்கும் "பொய்!" என்றாள். கதாநாயகன் நண்பனைப் பறிகொடுத்து அழுதபோதும் அதையே சொன்னாள்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பினார். "தாயி, டிக்கெட் எடுத்து வந்து உக்காந்திருக்கோம். கொஞ்ச நேரம் நிஜம்னு நெனச்சிட்டுப் போறோமே."

"மனசுக்குள்ள சொல்லு மக்கா," என்று அவள் வாயைப் பொத்தினேன். வெட்கமாக இருந்தாலும், பிள்ளை பயப்படவில்லையே என்று உள்ளுக்குள் பெருமைதான்.

அதன் பிறகு கதாநாயகன் விமானத்தில் ஏறினான். இந்தப் பக்கம் என் கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"நாலுதான் மாட்டியிருக்கு," என்றார் மெதுவாக. "கெளம்பும்போது பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை. ஐந்தாவது ஏவுகணை பாய்ந்தபோது புரிந்தது. "அஞ்சு," என்றார். "ஆறு." ஏழாவதற்குக் குரலை அடக்க முடியவில்லை. "எவம்லே மாட்டுனான் இத?"

முன்வரிசைக்காரர் மறுபடியும் திரும்பினார். "அண்ணாச்சி, குடும்பமே இப்படித்தானா?"

எட்டாவது ஏவுகணை ஒரு லாரியின் மேல் விழுந்தது. "அது வானத்துல பறக்குற விமானத்த அடிக்கிற ரகம்ணே. அத லாரி மேல விடுதான்," என்று கணவர் அண்ணனிடம் முறையிட்டார்.

"லாரி போயிட்டுல்லா? பெறவு என்னலே ஒனக்கு?" என்றார் அண்ணன், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

ஒன்பதாவதைத் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டினார்கள். அதன் உடம்பில் ஒரு சிவப்பு நாடா படபடத்தது. என் கணவர் எழுந்தே நின்றுவிட்டார். "நாடா இருக்கு! பின்ன உருவாம எப்படிலே போவும்?"

தவறி வெடித்துவிடாமல் இருக்க ஏவுகணையில் 'பின்' என்கிற ஒரு சிறு கம்பியைச் செருகியிருப்பார்களாம். கண்ணில் படுவதற்காக அதில் சிவப்பு நாடா தொங்குமாம். விமானம் கிளம்புமுன் அத்தனை பின்னையும் உருவி, விமானியிடம் தூக்கிக் காட்டுவது இவர்கள் பொறுப்பு. ஒன்றை விட்டாலும் அந்த ஏவுகணை இடத்தைவிட்டு நகராது. படத்தில் அது நாடாவோடு பறந்துபோய் ஒரு மலையை உடைத்தது. தியேட்டரே விசிலடித்தது. அவர் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இது நம்ம பிளேனா?"

"ஆமா மக்கா. இதே ரகந்தான். இந்த ஏவுகணையும் நாங்க மாட்டுறதுதான்."

அதற்குப் பிறகு அவள் "பொய்" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஒருவழியாக அடங்கினாளே என்று நான் மகிழ்ந்தேன்.

மறுநாள் காலையில் கணவரின் யூனிஃபார்ம் ஷூக்களைக் காணவில்லை. வீட்டையே புரட்டியும் கிடைக்கவில்லை. மகளை உட்காரவைத்துக் கேட்டபோதுதான் உதடு பிதுங்கியது.

"அப்பா போகக் கூடாது. அப்பா மாட்டுறது பொய்."

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன. படத்துல எல்லாம் பொய்னு. அப்பாவோடதும் அதேதான்னு அப்பா சொன்னா. படத்துல கெட்டவங்களோடதும் பொய், பரவால்ல. அப்பா போற எடத்துல கெட்டவங்களோடது நிஜம்லாம்மா?"

நான் கற்றுக்கொடுத்த வாக்கியத்தை வைத்து, ஒரு பிழையும் இல்லாமல் அவள் போட்ட கணக்கு அது. தட்டில் வைத்த இட்லியையும் அவள் தொடவில்லை. அவர் கிளம்புகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியொரு நினைப்போடு பிள்ளையை விட்டுவிட்டு அவர் எப்படி ரயில் ஏறுவார்?

"நீங்களே சொல்லிப் புரிய வைங்க," என்றேன்.

"பாடம் எடுத்தது நீ. இப்ப என்னைய மாட்டி விடுதியாக்கும்?"

"நீங்க எதுக்கு இதே ரகம்னு சொன்னீங்க?"

"ரகம் அதாம்லா!"

மூன்று பேரும் அந்தப் படத்தின் டிரெய்லரைச் செல்போனில் போட்டு உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு இடமாக நிறுத்தினேன். அவர் அடையாளம் சொன்னார்.

"இந்தத் துப்பாக்கி?"

"நிஜம். ஆனா வெறும் புகைதான் வரும்."

"அப்போ பொய்," என்றாள் மகள்.

"இந்தக் கைத்துப்பாக்கி?"

"ரப்பரு. கீழ விழுந்தப்போ துள்ளிச்சு பாத்தியா?"

"விமானம்?"

"நிக்கிறது நிஜம். பறக்குறது கம்ப்யூட்டரு."

"ஏவுகணை?"

"ஃபைபரு."

தான் மாட்டுவது நிஜம் என்று சேர்த்துச் சொல்லட்டும் என்று காலால் அவரை இடித்தேன். அவருக்குப் புரியவில்லை. வேறு வழியில்லாமல், அவர் யூனிஃபார்மில் ஒரு விமானத்தை ஒட்டி நிற்கும் புகைப்படத்தைத் தேடி எடுத்தேன். "இந்தா பாரு, இது அப்பா. பின்னால இருக்குறது நிஜ விமானம்." அவரைப் பார்த்து, "அப்படித்தானங்க?" என்றேன்.

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். "இது எங்க கேம்ப் கேட்டுக்கு முன்னால காட்சிக்கு நிறுத்தியிருக்குற பழைய பிளேன்லா? உள்ள எஞ்சினே கெடையாது."

"ஏவுகணையாவது?" என்றேன்.

"வெறும் கூடு."

மகள் வீறிட்டாள். பம்புக் கடையைத் திறக்கப் புறப்பட்ட அண்ணன் வாசலில் நின்றுவிட்டார். "ஏலே, பிள்ளைக்காக ஒரு பொய் சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சிரும்?"

எனக்கும் ஆத்திரம் வந்தது. "இத்தன வருஷத்துல நிஜ ஏவுகணைக்குப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்கல்லியா நீங்க?"

"எங்கிட்டு எடுக்க? கேம்ப் வாசல்லயே செல்போன வாங்கி வச்சிருவாங்கட்டி. நிஜத்த ஒருத்தனும் படம் எடுக்க முடியாது."

அழுகை நின்றது. "எடுத்தா?" என்றாள் மகள்.

"வேல போயிரும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "அப்போ போட்டோ எடுத்ததெல்லாம் பொய். எடுக்காததுதான் நிஜம். அப்பாகிட்ட நிஜம் இருக்கு."

"அப்படி மொத்தமா சொல்லிர முடியாது..." என்று கணவர் தொடங்கினார். அவர் வாயைக் கையால் பொத்தினேன். மகள் போய்ச் சலவை இயந்திரத்துக்குள்ளிருந்து ஷூக்களை எடுத்து வந்தாள்.

மறுபடியும் ஓர் அரைகுறை வாக்கியம் அவள் மனதில் ஏறிவிட்டதே என்று எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் இட்லி உள்ளே போனது. அதற்கு மேல் கிளற எனக்குத் தைரியமில்லை.

அவர் கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில் பெட்டிகளோடு நின்றவரைப் பார்த்து, "சிரிங்க," என்று செல்போனை உயர்த்தினேன். மகள் பாய்ந்து வந்து கையால் கேமராவை மறைத்தாள்.

"எடுக்காதம்மா! அப்பா பொய்யாயிருவா!"

அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. அவளைத் தூக்கி, ரயில் வந்து நிற்கும்வரை இறக்கிவிடாமல் வைத்திருந்தார். நான் செல்போனைப் பைக்குள் போட்டேன். அந்த விடுமுறையில் எடுத்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

ரயில் நகர்ந்ததும் மகள் அழாமல் கையசைத்தாள். திரும்பும்போது ஆட்டோவில் என் மேல் சாய்ந்துகொண்டு கேட்டாள்:

"நிஜ ஏவுகணை கனமா இருக்குமாம்மா?"

"ரொம்பக் கனம். நாலஞ்சு பேரு சேந்துதான் தூக்குவாங்க."

"கால்ல போட்டுறாம தூக்கச் சொல்லு."

அதை அப்படியே அவருக்கு எழுதினேன். வேலைக்குப் போகிறவருக்கு அனுப்புகிற செய்தியா இது என்று அழித்தேன். வீட்டுக்குள் நுழையுமுன் மறுபடியும் எழுதி அனுப்பிவிட்டேன்.