கண்ணாடிக்காரர் இலக்கணம் வாங்கிய கதை

கண்ணாடிக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு பத்திரிகைதான் பத்திரிகை. பெயர் 'சமையலறைச் செய்தி'. அலுவலகம், ஃப்ரிட்ஜ் கதவு. ஆசிரியர், நிருபர், அச்சகம் எல்லாமே அவருடைய ஏழு வயது மகள். 'அப்பா மறுபடியும் பாலைப் பொங்கவிட்டார்' என்று அது கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டபோதுகூட, மறுப்பு வெளியிடச் சொல்லாத பெருந்தன்மை அவருக்கு உண்டு.

மகள் பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறாள். காலையில் அப்பா வாத்தியார். மதியம் அவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பும்போது, அம்மா பஸ் ஓட்டி முடித்து வந்து பொறுப்பேற்பாள். பெரியவர்கள் கொட்டாவி விட்டுப் படிக்கும் புத்தகங்களையே மகள் ஊதித் தள்ளியதால், முறையாக இலக்கணம் தொடங்குவது என்று குடும்பப் பேரவை ஏகமனதாகத் தீர்மானித்தது.

இப்பேர்ப்பட்ட மூளைக்குச் சின்னப் புத்தகம் வாங்கினால் ஊர் சிரிக்காதா? கண்ணாடிக்காரர் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகத்தைச் சுமந்து வந்தார். தலையணை தோற்றது. அதற்குத் 'தடியர்' என்று பெயர் விழுந்தது. மகள் சளைக்கவில்லை, விதிகளை மளமளவென்று ஒப்பித்தாள். கடைக்கு வந்தவர்கள் கண்ணைக் காட்ட வந்து, அவர் அளந்த மகள் பெருமையில் காது புளித்துத் திரும்பினார்கள்.

பிறகுதான் ஃப்ரிட்ஜ் கதவு அவர் கண்ணில் பட்டது. பழைய இதழே தொங்கியது. மறுவாரமும் அதேதான்.

"என்னம்மா, பத்திரிகையை இழுத்து மூடிட்டியா?"

"எழுத உட்கார்ந்தா, இது என்ன வகை வாக்கியம்னே ஓடுதுப்பா. அதுக்குள்ள நியூஸ் மறந்துபோகுது."

பிள்ளைக்கு எழுத்தைக் கற்றுக்கொடுக்கப் போய், இருந்த எழுத்தையும் பிடுங்கிவிட்டோமே!

அன்றே ஓடிப்போய் அவள் வயதுக்கான புத்தகம் வாங்கி வந்தார். பக்கத்துக்குப் பக்கம் தொப்பி போட்ட ஒரு வாத்து, "பெயர்ச்சொல்லுக்கு மஞ்சள் பூசுவோமா, செல்லங்களே?" என்று குழைந்தது.

மகள் மூன்று பக்கம் புரட்டினாள். "பாவம்ப்பா இந்த வாத்து. யாரும் இதுகிட்ட ஒழுங்காப் பேசினதே இல்ல போல."

வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "ஏங்க, கடைக்கு வர்றவங்களுக்கு முதல்ல இருக்கிறதுலேயே பெரிய பவரை மாட்டி விடுவீங்களா? தலைவலிக்குதுன்னா வெறும் கண்ணாடியை மாட்டி அனுப்பிடுவீங்களா?"

"சேச்சே! மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கணும்ல."

"வீட்டுப் படி ஏறினா மட்டும் தொழில் மறந்துடுமாக்கும்."

மறுநாள் தெரிந்த புத்தகக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி, இன்னும் ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தருவதாகக் கொண்டுவந்தார். மகளை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தைக் கடை முகமாக மாற்றிக்கொண்டார்.

"இது நல்லா இருக்கா? இல்ல, இது நல்லா இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான்பா."

கடைக்கு வருகிற அத்தனை பேரும் சொல்வது இதுதான். அதனால் அவர் வாயை நம்புவதில்லை. நெற்றிச் சுருக்கத்தைத்தான் பார்ப்பார். பவர் பொருந்தியதும் அது தானாக அவிழும். ஏழு வயது நெற்றியில் சுருக்கத்துக்கு எங்கே போவது? மேசைக்கு அடியில் குனிந்தார். தரை எட்டாத அந்தக் கால்கள், குஷி பிறந்தால் ஊஞ்சலாடும்.

தடியரைத் திறந்தபோது கால்கள் விறைத்தன. வாத்துக்கு ஓர் உதை விழுந்தது. மூன்றாவது, படமே இல்லாத ஒல்லிப் புத்தகம். ஒரு பத்தியைக் கொடுத்து, 'இதையே கோபமாகச் சொல். நாளைக்கு நடக்கப்போவதாக மாற்று. பாதியாக்கு' என்று வம்புக்கிழுத்தது. இலக்கணப் பெயரும் விதியும் அப்புறம்தான்.

கால்கள் அசைந்தன. பிறகு மேசையே ஆடியது.

"இவங்க பத்தி சப்புன்னு இருக்குப்பா. நம்ம பால் பொங்குன நியூஸை வெச்சு செய்யட்டுமா?"

"தாராளமா," என்றார் மேசைக்கு அடியிலிருந்து. மானம் போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஃப்ரிட்ஜ் கதவில் புது இதழ். 'கண்ணாடிக்காரரின் கண்ணைத் திறந்தார் பஸ் டிரைவர்! இலக்கண நூல் தேர்வு முடிந்தது.' கீழே பொடி எழுத்தில்: 'வாத்து ஓய்வு பெற்றது.'

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பின்னால் அடுப்பில் 'புஸ்' என்று ஒரு சத்தம்.

பத்திரிகை ஆசிரியர் பென்சிலைத் தேடி ஓடினார்.