குருசாமி அண்ணன் கோட் போட்ட போட்டோ

குருசாமி அண்ணன் போய்விட்டார். காலையில் கடை ஷட்டரைக்கூட முழுசாகத் தூக்கவில்லை, டீலர்கள் குரூப்பில் செய்தி வந்துவிட்டது. நெஞ்சுவலி... மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அதற்கு நேர் கீழே சேல்ஸ் ஆபீசர் தம்பியின் மெசேஜ். இந்த வருசக் கப்பல் டூருக்கு ஆண்கள் என்னென்ன எடுத்து வரவேண்டும் என்று. ஃபார்மல் நைட்டுக்கு டார்க் கலர் கோட், டை, கறுப்பு ஷூ, கறுப்பு சாக்ஸ்... பெர்முடா, செருப்பு என்று வந்தால் டைனிங் ஹாலுக்குள் விடமாட்டார்களாம்.

அவனும் பாவம், முந்தின நாளே டைப் செய்து வைத்திருப்பான். எனக்கு யாரையும் திட்டத் தெம்பில்லை. அந்தக் குரூப்பில் இன்னும் எத்தனை பேருக்குத்தான் கும்பிடு பொம்மை போடுவது...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பம்ப்செட் கடை. நான் ராஜபாளையத்தில் அதே கம்பெனி டீலர். எங்களைப் போட்டிக்காரர்கள் என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஸ்டாக் மாற்றிக்கொள்ளாத வாரமே கிடையாது.

சில வருசத்துக்கு முன்னால், டார்கெட் முடித்த டீலர்களை வீட்டுக்காரியோடு சேர்த்து சிங்கப்பூர் கூட்டிப்போய்க் கப்பலில் ஏற்றினார்கள். அன்றைக்கும் இதே கோட் மெசேஜ்தான் வந்தது.

அண்ணனுக்கு அதில் ஆர்வமே இல்லை. ஜானகி மதினிதான் ஆளை இழுத்துக்கொண்டு போய் அளவு கொடுக்க வைத்து, கோட் தைத்து, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக மடித்து வைத்திருந்தார்.

காரணம் இருந்தது. அவர்களுடையது இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். மதினி ராஜபாளையம், வீட்டில் தெலுங்கு. கோவிலில் தாலி, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து, அவ்வளவுதான். மாலையும் கழுத்துமாக ஒரு போட்டோ கிடையாது.

கப்பலில் ஃபார்மல் நைட் அன்றைக்கு ஜோடி ஜோடியாக நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து மதினிக்கு அதே நினைப்பு. அதற்கென்றே புதுசாகப் பட்டுப்புடவை எடுத்திருந்தார்.

மதுரை ஏர்போர்ட்டில் அண்ணன் பெட்டி எடை கூடிவிட்டது. உள்ளே முக்கால்வாசி பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வெளியூர் கிளம்பினால் சும்மா விடுவார்களா... கோயம்புத்தூர் டீலர், சேலம் டீலர் என்று ஆளாளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

மதினி பாத்ரூம் போன நேரம் பார்த்து அண்ணன் கோட்டை உருவினார். வாசல் செக்யூரிட்டியைக் கெஞ்சி, வெளியே நின்ற டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"கேட்டவுகளுக்கு இல்லைன்னு சொல்ல முடியுமாலே? கோட்டு எதுக்கு, கப்பல்ல என்ன குளிரவா போகுது" என்றார் என்னிடம்.

ஃபார்மல் நைட் வந்தது. மதினி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்திருக்கிறார். நேராக எங்கள் ரூம் கதவைத் தட்டினார். அழவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஊருக்கெல்லாம் பால்கோவா குடுத்தாச்சு தம்பி. நான் இந்த மனுசங்கிட்ட இம்புட்டு வருசத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்."

அண்ணன் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்றார். "நீங்க எல்லாம் போங்க. எனக்குப் பசிக்கல."

என் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். தியாகம் எல்லாம் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு எனக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. டையையும் கொடுத்தேன், ஊரிலேயே ஒரு பேங்க் நண்பர் முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. தலைவழியாக மாட்டினால் போதும்.

இந்த வருசம் போகிறவர்களும் டையை அப்படியே முடிச்சோடு கொண்டுபோங்கள். ஷூவைப் பெட்டியில் வைக்காமல் காலில் போட்டுக்கொள்ளுங்கள், எடை குறையும். நாலு ஊக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேல்ஸ் ஆபீசர் இதெல்லாம் சொல்லமாட்டார்.

என் உடம்புக்குத் தைத்த கோட் அண்ணன் மேல் தொளதொள என்று கிடந்தது. என் வீட்டுக்காரிதான் முதுகுப் பக்கம் துணியைச் சுருட்டிப் பிடித்து ஊக்கு மாட்டிவிட்டாள். முன்னால் இருந்து பார்த்தால் அவருக்கே தைத்த மாதிரி இருந்தது.

"ஏலே, மூச்சு விட்டா குத்துதுலே..."

"அப்ப விடாதீக" என்றார் மதினி. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

அவர்கள் போட்டோவுக்குப் போனார்கள். நான் மேல்மாடி பஃபேயில், கோட் கேட்காத இடத்தில், தயிர்சாதம் சாப்பிட்டேன். அந்த டூரிலேயே நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அதுதான்.

இன்றைக்கு மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தெருமுனையிலேயே ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். வேட்டி சட்டைப் போட்டோதான் வைக்கவேண்டும் என்று மகன்கள் சொல்லியிருக்கிறார்கள். மதினி கேட்கவில்லை, இதுதான் என்றுவிட்டாராம். என் கோட்டில் அண்ணன்... தெருவே பார்க்கிற உயரத்தில். எனக்குத் தாங்கவில்லை.

ஜோடிப் போட்டோவில் மதினியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவசரத்தில் சரியாக வெட்டவில்லை. அண்ணனைப் பிடித்திருந்த மதினியின் கை மட்டும், வளையலோடு, கோட் மேல் அப்படியே நிற்கிறது.

சொந்தக்காரர்கள் பந்தலில் முணுமுணுத்தார்கள். உயிரோடு இருக்கிறவுக கை கண்ணீர் அஞ்சலியில் இருக்கலாமா, ஆகாதே என்று. பெரிய மகன் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டு, கையை எடுத்துவிட்டு வேறு அடித்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மதினிக்கு அது உள்ளே கேட்டிருக்கிறது. எழுந்து வாசல் வரைக்கும் வந்தார்.

"ஏலே, போனை வையி. எங்கையி அங்கனக்குள்ளயே இருக்கட்டும்."

மகன் போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் எடுத்தாச்சு. பஸ் ஏறி வந்துவிட்டேன். குரூப்பில் கும்பிடு போட மனசு வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

படுத்துக்கங்கண்ணே. நான் நாளைக்குக் கடை திறக்கணும்...