ஸ்கிராப் ஸ்டிக்கர் ஒட்டிய மிஷின்

திரை கறுத்ததும் "பேனல் போச்சு" என்று கையை விரிக்கிற மெக்கானிக்கைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், தம்பி தங்கைகளே. சர்வீஸ் சென்டரில் இருபத்திரண்டு வருஷம் மானிட்டர் பிரித்தவள் சொல்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் என் வொர்க் பெஞ்ச்.

போன சித்திரையில் திருப்போரூரிலிருந்து தனலட்சுமி போன் செய்தாள். ஜாக்கெட்டுக்கு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடுகிறவள். வைகாசி முகூர்த்தத்துக்குப் பதினொரு கல்யாண ஜாக்கெட் கையில் இருந்தது. மிஷின் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு. திரை தெரியாமல் டிசைனைத் தேர்ந்தெடுக்க முடியாது. வந்து பார்த்த கம்பெனி என்ஜினீயர், பழைய மாடல், பார்ட்ஸ் வராது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்று சொல்லி, மிஷின் மேல் "ஸ்கிராப்" என்று ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

போனேன். திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். மங்கலாக மாங்காய் டிசைன் தெரிந்தது. படம் இருக்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் தரும் குச்சி டியூப்தான் செத்துப்போயிருக்கிறது. தனலட்சுமி போனிலிருந்தே அந்த என்ஜினீயரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மேடம், அதெல்லாம் வீட்ல உக்காந்து பண்ற வேலை இல்ல" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வீட்லதான் தம்பி பண்ணப் போறேன்" என்று வைத்துவிட்டேன்.

திரையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தூசி விழக் கூடாதென்று ஃபேனை அணைத்தேன். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பேப்பரோடு வாசலுக்குப் போய்விட்டார். டியூபை உடையாமல் உருவினேன். உள்ளே பாதரசம் இருக்கிறது. அதற்கு ஹைவோல்டேஜ் கொடுக்கும் இன்வெர்டர் போர்டையும் எடுத்துவிட்டேன். டியூப் இருந்த பள்ளத்தில் மெல்லிய எல்இடி ஸ்ட்ரிப்பை அளவாக வெட்டி ஒட்டி, அதற்கு அளவாகக் கரண்ட் கொடுக்கும் குட்டி டிரைவர் போர்டு சேர்த்தேன். பளிச்சென்று எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மாட்டிக் காட்டினேன். தனலட்சுமி ஒரு நூல்கண்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இன்னாக்கா, இந்த அரக்கு நூலு திரைல ரோஸாட்டம் கீது. இத பாத்து நான் எப்டி கலர் எடுக்கறது?"

"லைட் வந்துச்சில்ல, போதாதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனே வெட்கமாகிவிட்டது. அந்த என்ஜினீயருக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? நான் போட்டிருந்தது நீலம் தூக்கலாக அடிக்கும் கூல் ஒயிட். மறுபடி பிரித்து நேச்சுரல் ஒயிட் ஸ்ட்ரிப் ஒட்டி, வெளிச்சத்தையும் குறைத்தேன். அரக்கு அரக்காகத் தெரிந்தது. பதினொரு ஜாக்கெட்டும் முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தன.

லைட் எரிந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. அந்தத் திரையைப் பார்த்துப் பிழைக்கிறவர் சரி என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த மேனேஜரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

போன வாரம் போனபோதும் மிஷின் மேல் அந்த ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. உரிக்கப் போனேன். தனலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா. புதுசு விக்க அந்தாளு திரும்ப வருவான். இத படிச்சிக்கினே மிஷின் ஓடறத பாக்கட்டும்."