மீந்த பொட்டலம்

அனந்தராமன் டூரில் ஒரு குண்டூசி கூடக் காணாமல் போகாது என்று மயிலாப்பூரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அனந்தராமன்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. யார் கிளப்பினால் என்ன, பேச்சில் பொய் இல்லை. ஒருமுறை ஆழ்வார்பேட்டை ரகுபதி கும்பகோணத்துச் சத்திரத்தில் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியேறிவிட்டார். பாபநாசம் தாண்டிய பிறகுதான் வாயில் ஒன்றும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. அனந்தராமன் முகம் சுளிக்காமல் வேனைத் திருப்பச் சொன்னார். பல் கிடைத்தது. அதற்குப் பிறகு ரகுபதி எந்த டூரையும் விட்டதில்லை, போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாமலும் இருந்ததில்லை.

சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு டெலிபோன், சுவரில் காவிரி ஓடும் வரைபடம், அவ்வளவுதான். உரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். கம்பெனியை இழுத்து மூடியதும், இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று சபதம் போட்டு 'காவிரிக்கரை நாலு நாள்' என்று போர்டு மாட்டினார். பக்தி உள்ளவர்களுக்குத் திருவையாறும் கும்பகோணமும். கோபுரத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவர்களுக்குத் தஞ்சாவூர் அரண்மனை மியூசியம். எல்லாருக்கும் பொதுவாகக் கடைசி நாள் கோடிக்கரைச் சரணாலயம், வெளிமானும் பூநாரையும். ஒவ்வொரு இடத்திலும் வண்டி கிளம்பும் முன் சீட்டு சீட்டாக விரலை நீட்டி எண்ணுவார். இரண்டு தடவை எண்ணுவார். எண்ணும்போது யாராவது பேசினால் கோபம் வந்துவிடும்.

ஆனால் ஊரார் இந்த டூரை நாக்கில் வைத்துக்கொண்டு பேசியது சாப்பாட்டுக்காக. சத்திரத்துக் கொல்லையில் சமைத்த வத்தக்குழம்பைப் பற்றி பெசன்ட் நகர் டீச்சர் ஸ்ரீலக்ஷ்மி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் குழம்பை வைத்த கை விசாலாக்ஷியுடையது. விசாலாக்ஷி அனந்தராமனின் மனைவி.

முதல் டூருக்கு ஏற்பாடு செய்திருந்த சமையல்காரர் கிளம்பும் அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். இந்த ஒரு தடவை மட்டும் என்று விசாலாக்ஷி கரண்டியைப் பிடித்தாள். அந்த ஒரு தடவை ஏழு வருஷம் நீண்டது. முதல் நாளே யாரோ, "சமையல் யாரு, பிரமாதமா இருக்கே" என்று கேட்டபோது அனந்தராமன், "நம்ம சமையல் மாமி" என்று சொல்லிவைத்தார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. முதலாளி பெண்டாட்டி என்று தெரிந்தால் இரண்டாவது காபி கேட்கக் கூச்சப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. பெண்டாட்டியைச் சமைக்க விட்டுப் பிழைக்கிறான் என்று பேசுவார்களோ என்ற நினைப்பும் உள்ளே எங்கேயோ இருந்தது. அதை அவர் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. விசாலாக்ஷியும் கூட்டத்தின் முன்னால் அவரை 'ஸார்' என்றே கூப்பிடப் பழகிவிட்டாள்.

பயணிகள் வேனில் போவார்கள். அண்டா குண்டான், காஸ் அடுப்பு, விசாலாக்ஷி மூவரும் பாண்டுரங்கனின் டெம்போவில் போவார்கள். கூட்டம் கோயிலுக்குள் நுழையும் நேரத்தில் டெம்போ அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும். வேன் வந்து சேரும்போது இலை போட்டிருக்க வேண்டுமே! காவிரிக்கரைக்கு அத்தனை தடவை போன அந்தப் பெண்மணி தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை இட்லிப் பானையின் ஆவிக்கு நடுவில்தான் பார்த்திருக்கிறாள். மியூசியத்து வாசல் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இதைப் பற்றி அவளும் கேட்டதில்லை, அவரும் நினைத்ததில்லை.

தொண்ணூற்றேழில், பொங்கல் கழிந்த வாரம் போன டூர் வழக்கம்போல்தான் நடந்தது. கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி வேதாரண்யத்தில் தங்கல். கடைசி நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் காலையிலேயே பொட்டலம் கட்டி வேனில் ஏற்றியாயிற்று. மத்தியானச் சாப்பாட்டைக் கோடிக்கரையில் மரத்தடியில் முடித்தார்கள். அதோடு டெம்போவுக்கு வேலை முடிந்தது, அது நேராக மெட்ராஸ் திரும்பிவிடும். பிறகு கூட்டம் காவலரோடு காட்டுக்குள் நடந்து மானைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அனந்தராமன் எண்ணினார். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினார். சரியாகவே இருந்தது. சாயங்காலம் வைத்தீஸ்வரன்கோயில் தரிசனம். அங்கேயே மண்டபத்தில் உட்காரவைத்துத் தன் கையால் பொட்டலம் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுத்த பிறகும் கூடையில் ஒன்று மீந்தது. 'கணக்குத் தெரியாமல் ஒன்று கூடக் கட்டிவிட்டாள்' என்று முணுமுணுத்துக்கொண்டே, வீணாக்குவானேன் என்று அதையும் பிரித்துச் சாப்பிட்டார். புளியோதரை அன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

விடிந்ததும் வேன் அடையாறில் சிலரை இறக்கியது. பெசன்ட் நகர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் என்று ஒவ்வொருவரையும் வாசலில் கொண்டுபோய் விட்டு, பெட்டிகளை எடுத்துக் கொடுத்து, கும்பிடு போட்டுவிட்டு அனந்தராமன் வீட்டு வாசலில் இறங்கினார். வேன் போய்விட்டது. வாசலில் டெம்போ நின்றது. பாத்திரங்கள் இறக்கப்படாமல் அப்படியே இருந்தன. கதவு பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த பாண்டுரங்கன் எழுந்தான்.

"இன்னா சார், நீங்க மட்டும் வர்றீங்க? அம்மா எங்க?"

அனந்தராமன் சிரித்தார். தூக்கக் கலக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்தார். "என்னைக் கேக்கறியே. உன் வண்டியிலதானே வந்தா?"

"என் வண்டிலயா? இன்னா சார் சொல்றீங்க? கோடிக்கரையாண்டயே எறங்கிக்கினாங்களே. நான் மானைப் பாத்துட்டு அவங்களோட வேன்ல வந்துக்கறேன், நீ கெளம்பு பாண்டுன்னாங்க. நான் நேரா மெட்ராஸ் வந்துட்டேன். சாவி அவங்க கைல கீதே, வரட்டும்னு குந்திகினு கீறேன்."

அனந்தராமனின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாதவர் மாதிரி நின்றார். காலையில் தண்ணீர் தெளித்திருந்த தெருவில் பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான். எதிர்வீட்டில் ரேடியோ பாடியது. நாலு நாள் பயணத்தில் ஒரு கைக்குட்டைகூடத் தவறவிடாத அனந்தராமன் வேனில் வந்தவர்களை மனசுக்குள் சீட்டு சீட்டாக எண்ணினார்.

வேனில் அவள் இல்லை. வேனில் யார் யார் எந்த ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள், யாருக்கு வாந்தி வந்தது, யார் குறட்டை விட்டார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவள் இல்லை. அப்போதுதான் கூடையில் மீந்த பொட்டலம் ஞாபகம் வந்தது. அது கணக்குத் தப்பிக் கட்டியது அல்ல. அவள் தனக்குக் கட்டிக்கொண்டது. அதைத்தான் அவர் ருசித்துச் சாப்பிட்டார். அனந்தராமன் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வாயில் புளிப்பு ஏறியது.

அந்த நேரம் பார்த்து உள்ளே டெலிபோன் அடித்தது.

"விடிஞ்சதுலேருந்து இப்டித்தான் சார் அட்ச்சிகினே கீது" என்றான் பாண்டுரங்கன். "வுட்டு வுட்டு அடிக்குது."

அனந்தராமன் கதவின் மேல் பாய்ந்தார். பூட்டை இழுத்தார். தோளால் இடித்தார். ஜன்னல் கம்பி வழியே கையை விட்டார். மேஜை எட்டாத தூரத்தில் இருந்தது. டெலிபோன் அவர் கண்ணெதிரே அடித்துக்கொண்டிருந்தது. "விசாலம்! இருடி, வச்சுடாதே!" என்று ஜன்னலுக்குள் கத்தினார். எதிர்வீட்டு மாமி கோலப்பொடியோடு அப்படியே நின்று பார்த்தாள். பாண்டுரங்கன் டெம்போவிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்து பூட்டில் கொடுத்து நெம்பினான். பூட்டு தெறித்து விழுந்தபோது மணி நின்றுவிட்டது.

ரிசீவரை எடுத்தார். வெறும் கொர்ரென்ற சத்தம்.

கோடிக்கரையில் யாருக்கு போன் செய்வது? ஒரு நம்பரும் அவரிடம் இல்லை. கை தானாக ரகுபதியின் நம்பரைச் சுழற்றியது. மனுஷன் காட்டுக்குள் கடைசியாக நடந்து வந்தவர், பார்த்திருப்பார்.

"ரகுபதி சார், நேத்திக்குக் கோடிக்கரைல விசாலாக்ஷியைப் பாத்தீங்களா?"

"விசாலாக்ஷி யாரு? நம்ம குரூப்பா?"

"சமையல் பண்றவா சார்."

"அந்தம்மாவா? காலையில இட்லி கொடுத்தாங்க. மிளகாப்பொடி அற்புதம். அதுக்கப்புறம் பார்த்த ஞாபகம் இல்லையே. ஏன், ஏதாவது பாத்திரம் காணுமா?"

அனந்தராமன் போனை வைத்துவிட்டார். ஸ்ரீலக்ஷ்மி டீச்சருக்குப் போட்டார். அவளுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருந்தது.

"மான் கூட்டத்தைப் பாத்துண்டு கொஞ்சம் தள்ளி நின்னுண்டிருந்தா மாமா. கைகூப்பிண்டு நின்னா. மானுக்கு யாராவது கும்பிடு போடுவாளோன்னு எனக்குச் சிரிப்பா இருந்தது. நாங்கள்லாம் திரும்பிட்டோம். ஏன் மாமா, என்ன ஆச்சு?"

"அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்மா."

"ஐயையோ! பாவம், அந்த மாமி ஆத்துல சொல்லியாச்சா? அவா ஆத்துக்காரருக்குத் தெரியுமோ?"

அனந்தராமன் வாயைத் திறந்தார். ஏழு வருஷமாகச் சொல்லாத வார்த்தை, சட்டென்று வரவில்லை. "நான்தாம்மா அவ ஆத்துக்காரர்" என்றார். டீச்சர் என்ன நினைத்தாள் என்று யூகிக்க அவருக்குத் தைரியம் இல்லை. "மாமா, நீங்க போனை வைங்கோ, அவா கூப்பிடுவா" என்றாள்.

வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அம்பத்தைந்து வயசுப் பெண்பிள்ளை, கையில் ஒரு பை கிடையாது, பர்ஸும் போர்வையும் டெம்போவிலேயே இருக்கின்றன. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல். நேற்று மத்தியானத்திலிருந்து! அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற எண்ணம் பாதி வந்ததும் தலையை உதறிக்கொண்டார். அது மறுபடி வந்தது.

மணி அடித்தது.

"ஹலோ" என்றாள் விசாலாக்ஷி. குரல் கம்மிப் போயிருந்தது. "யாரு பேசறது? யாராவது எடுத்தேளா?"

"விசாலம், நான்தான்டி."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அவள் அப்படி வாய்விட்டு அழுது அவர் கேட்டதே இல்லை.

"நீங்களா? நீங்களேதானா? நன்னா இருக்கேளா? அடி ஒண்ணும் இல்லையே? மத்தவாள்லாம்? அந்த டீச்சர் பொண்ணு, பல்லுக்கார மாமா, எல்லாரும் பிழைச்சாளா?"

"என்ன சொல்றே? யாருக்கும் ஒண்ணும் இல்லையே. நீ எப்படி இருக்கே, அதைச் சொல்லு."

"எனக்கென்ன? காவல்காரர் ஆத்துலதான் இருந்தேன். ஆரோக்கியராஜ்னு பேரு. அவர் ஆம்படையா மேரி தங்கமான பொண்ணு, பக்கத்தைவிட்டு நகரலை. மானைப் பாத்துட்டுத் திரும்பறதுக்குள்ள வேன் போயிடுத்து. சரணாலய வாசல்லயே நின்னேன்னா. இருட்டற வரைக்கும் நின்னேன். தண்ணி குடிக்கக்கூட நகரலை. நான் அந்தண்டை போன சமயம் பாத்து நீங்க வந்து தேடினா என்ன பண்றது? ஆளைக் காணோமேன்னு தவிச்சுடுவேளே. இருட்டினப்பறந்தான் வண்டி எங்கேயோ கவுந்துடுத்துன்னு புரிஞ்சுது."

"கவுந்துடுத்தா?"

"வேற எதுன்னு நெனைப்பேன்? பல்செட்டுக்கே வண்டியைத் திருப்பின மனுஷர் எனக்குத் திரும்பி வரலைன்னா, உசிரோட இருந்தா வராம இருப்பாரா? ராத்திரி பூரா அழுதேன். காலம்பற டெலிபோன் பூத் திறந்ததும் போட்டுண்டே இருந்தேன். எடுக்கலை, எடுக்கலை. தீர்ந்துபோச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். மேரி பூவைக்கூட..." அவள் முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். ஆசுவாசப்படுத்திக்கொண்டு கேட்டாள். "வண்டி ரிப்பேரா? நடுவழியில நின்னுடுத்தா?"

அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டயர் பஞ்சர், கொள்ளிடம் பாலத்தில் நெரிசல், அனந்தராமன் பயணிகளுக்குச் சொல்லாத சாக்கா? நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் அவரால் சொல்ல முடியவில்லை.

"இல்லை விசாலம். வண்டிக்கு ஒண்ணும் ஆகலை."

"பின்னே ஏன்னா வரலை?"

"நீ வண்டியில இல்லேங்கறது தெரியலை."

"எப்போ தெரிஞ்சுது?"

"இப்பத்தான்" என்றார். "ஆத்து வாசல்ல. பாண்டு கேட்டான்."

பூத்துக்குப் பின்னால் கடற்காற்று இரைந்தது. யாரோ ஒரு பெண் தாழ்ந்த குரலில், "என்னம்மா, ஐயா நல்லாருக்காரா?" என்று கேட்டாள்.

"நன்னா இருக்கார்" என்றாள் விசாலாக்ஷி அவளிடம். அழுகை நின்றுபோயிருந்தது. "ஒண்ணும் ஆகலையாம். நல்லபடியா ஆத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாராம்."

பிறகு இவரிடம் எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

அனந்தராமன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "அம்மா இன்னா சார் சொல்றாங்க?" என்று பாண்டுரங்கன் இரண்டு தடவை கேட்டான்.